முந்திச் சொன்ன வளைவுகள்

பேருந்து நிலையத்தில் விசாரணைத் தொலைபேசியை எடுக்கிறவளுக்கு ஊர் வைத்திருந்த பட்டப்பெயர் டைம்டேபிள். மலைக்கு அந்தப் பக்கம் போகிற பஸ் எப்போது, கடைசி வண்டி உண்டா, மரம் விழுந்த பாதை திறந்தாயிற்றா, எதைக் கேட்டாலும் காகிதம் புரட்டாமல் பதில் வரும். காகிதம் புரட்டி அவளுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஏழு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது இரண்டு கண்ணையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "உச்சுக்கொட்டி முடிச்சாச்சா? இப்ப எந்த ஊருக்குப் போகணும், சொல்லுங்க" என்பாள்.

டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால், நாற்காலியை இழுத்தால் சுவரில் இடிக்கிற ஒரு மூலை அவளுடையது. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் முற்றம். எந்த வண்டி உள்ளே வருகிறது, எந்த வண்டியின் கியர் பெட்டி சொல்பேச்சுக் கேட்பதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு வண்டி வந்தால் மட்டும் தொலைபேசியில் இருக்கிற ஆளைக் கொஞ்சம் காக்கவைப்பாள். அது அவள் புருஷன் ஓட்டுகிற வண்டி.

அந்தக் கல்யாணமும் தொலைபேசியில்தான் முளைத்தது. கணவாயின் உச்சியில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. பஸ் தாமதமானால் அங்கிருந்து டிரைவர் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த அந்த டிரைவர், "வண்டி லேட்டுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான். "எவ்வளவு லேட்டுன்னு சொல்லாம வெச்சா நான் ஜனங்களுக்கு என்னத்தைச் சொல்றது?" என்று அவள் ஒருநாள் பொரிந்து தள்ளினாள். அதிலிருந்து விவரமாகச் சொல்ல ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் வண்டி சரியான நேரத்துக்கு வந்தாலும் கூப்பிட்டு, "லேட் இல்லைங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். நிலையத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிய அதிக நாள் ஆகவில்லை. அவனுடைய அம்மா மட்டும் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. பிறகு பேசத் தொடங்கியவர் அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை.

டிரைவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வாரம் பூராவும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற அதே மலையில், ஓய்வு நாளன்று சைக்கிளில் ஏறி இறங்குவான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஏறுகிற மலையில் சும்மாவும் ஏறுகிற ஆளைப் பார்த்துச் சக ஓட்டுநர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கல்யாணமான மறுவருஷம், மூடிவிட்ட ஒரு சுற்றுலா நிறுவனத்தின் கிடங்கிலிருந்து இரட்டைச் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டு பேருக்கும் மிதிகட்டை உண்டு, எல்லாம் சங்கிலியால் இணைந்தது. அவள் முதலில் மாட்டேன் என்றாள். வற்புறுத்தி ஏற்றினான். ஊர் தாண்டி மரங்களுக்குள் நுழைந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. ஏழு வயதுக்குப் பிறகு அவள் வேகமாகப் போனதே இல்லை. யாராவது முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போகிற வேகம்தான் அவள் வேகம். அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்தச் சைக்கிளுக்கென்று சில பேச்சுகள் உண்டு. முன்னால் இருப்பவர் கண்ணில் படுவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். "கியர் மாத்துறேன்" என்றால் இரண்டு பேரும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். "பள்ளம்" என்றால் இருக்கையிலிருந்து லேசாக எழ வேண்டும். "இடது" என்றால் உடம்பு இடப்பக்கம் சாய வேண்டும். பின்னால் இருப்பவரிடம் ஹேண்டிலைத் திருப்பும் உரிமை கிடையாது, ஆனால் ஒரு பிரேக் உண்டு. நீண்ட இறக்கத்தில் வண்டியின் வேகத்தை அடக்கிப் பிடிப்பதற்கென்றே பின்சக்கரத்தில் தனியாகப் பொருத்திய பிரேக். அதன் பிடி அவள் கையில் இருந்தது.

வருஷங்கள் போகப் போக மலைப்பாதை அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பாறையை வெட்டிய இடத்தில் சங்கிலியின் ஓசை காதுக்குப் பக்கத்தில் வரும், ஓடை வருவதற்கு முன்னால் முழங்கையில் குளிர் தட்டும், சிறுபாலத்தில் தார் ஒட்டுப்போட்ட மேடு ஒன்று முதுகில் இடிக்கும். ஒருநாள் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள், "வலது" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் சைக்கிளே ஆடியது. அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டானது. இறங்கும்போது வளைவை யார் முந்திச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. தோற்றவர் அன்றைய பாத்திரங்களைக் கழுவ வேண்டும். ஆரம்பத்தில் அவள்தான் கழுவினாள்.

இந்த வருஷம் நிலைமை தலைகீழாகிவிட்டது. வாரா வாரம் அவள்தான் ஜெயித்தாள். ஏதோ ஒரு வளைவு அவனுக்குப் பிச்சை போட்டதுபோலக் கிடைக்கும், மற்றதெல்லாம் அவளுக்கு. தங்கச்சியிடம் தொலைபேசியில் பீற்றிக்கொண்டாள். "உங்க அத்தானுக்கு வயசாயிடுச்சு. கண்ணை வெச்சுக்கிட்டு என்கிட்ட தோத்துப்போறாரு." எதிர்முனையில் தங்கச்சி சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னாளில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

விஷயத்தை உடைத்தது கண்டக்டர், அதுவும் தெரியாமல். அவன் வாய் சும்மா இருக்காது. ஒரு மதியம் அவளுடைய ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "அக்கா, வீட்ல அண்ணன்கூடச் சண்டையா?" என்றான்.

"எதுக்குக் கேக்குறே?"

"பஸ்ஸோட இடது பக்கக் கண்ணாடியை மறுபடியும் மரத்துல தேய்ச்சு உடைச்சுட்டாரு. இதோட ரெண்டாவது. இப்பல்லாம் என்னை முன்படியை விட்டு நகர விடறதில்ல. இடது பக்கம் பார்த்துச் சொல்லுடா, பார்த்துச் சொல்லுடான்னு உயிரை எடுக்குறாரு. நான் எப்பத்தான் டிக்கெட் போடறது?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. வீட்டில் அவனுக்கு இடப்பக்கமாக வைத்த டம்ளர் எத்தனை தடவை உருண்டிருக்கிறது, எத்தனை தடவை அவளே அதற்குத் திட்டியிருக்கிறாள் என்று நினைவு ஓடியது. அப்புறம் அந்த விளையாட்டு ஞாபகம் வந்தது. அவள் ஜெயிக்கவில்லை. அவள் சொல்வதற்காக அவன் காத்துக்கொண்டிருந்தான்.

ராத்திரிவரை பொறுக்கவில்லை, அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஏங்க, கண்ணு எப்படி இருக்கு?"

"பளிச்சுன்னு இருக்கு. உன்னைவிட நல்லாவே தெரியுது" என்று அவன் நக்கலடித்தான். வழக்கமாக அவள் சிரிக்கிற நக்கல்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியும் இல்லை.

டாக்டரிடம் போகலாம் என்றாள். சளி பிடித்தால்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள் அவன், பேச்சை மாற்றினான். மேனேஜரிடம் நேரே சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். தன் சந்தேகம் தப்பாக இருந்துவிட்டால்? கட்டின புருஷன் வாயில் தானே மண்ணைப் போட்டதாகிவிடும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றால், அதற்கும் மனது இடம் கொடுக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்களும் அவன் வண்டியில்தான் ஏறுகிறார்கள். ஏறுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார்கள். "காலையில முதல் பஸ் உண்டுங்களா?" என்று கேட்டால் அவள்தான், "உண்டுங்க, தைரியமா வாங்க" என்கிறாள். அவள் குரலை நம்பி வந்து நிற்கிறார்கள்.

ஆகவே அவள் தனக்குத்தானே ஒரு முடிவுக்கு வந்தாள். நல்ல முடிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஓய்வு நாளில் இறங்கும்போது அவள் வாயைத் திறக்கப் போவதில்லை.

அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. புதிய சாலை வந்த பிறகு லாரிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டதால், மலைப்பாதையில் அவன் ஓட்டுகிற பஸ்ஸையும் சில பறவைகளையும் விட்டால் சத்தமே கிடையாது. ஏற்றம் முழுக்க அவள் அவன் காலைக் கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே சங்கிலி என்பதால் அவன் பாதத்தில் ஒரு தயக்கம் வந்தால் அது அவள் பாதத்துக்கும் வந்துவிடும். வெயிலில் அவன் கால் சீராக மிதித்தது. மரநிழலுக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நின்று, பிறகு மிதித்தது. அந்த ஒரு நொடி இத்தனை மாதமும் அவள் காலுக்கு அடியில் இருந்திருக்கிறது. அவளோ புள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள்.

உச்சியில் தண்ணீர் குடித்தார்கள். "இன்னைக்கு என்ன இவ்வளவு அமைதி?" என்றான்.

"தொண்டை சரியில்ல."

"அப்ப நான்தான் ஜெயிக்கப்போறேன்" என்றான். குரலில் விளையாட்டு இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. தண்ணீர்ப் புட்டியை மாட்டுவதற்கு அவன் இரண்டு தடவை தடவினான்.

இறங்க ஆரம்பித்தார்கள். முதல் சில வளைவுகள் வெட்டவெளியில், வெயிலில் இருப்பவை. அவற்றை அவன் சொன்னான். "வலது." சாய்ந்தாள். "இடது." அதையும் சொன்னான், கொஞ்சம் தாமதமாக. சந்தேகம் தப்போ என்று ஒரு கணம் அவள் மனது துள்ளியது. தப்பாக இருக்கட்டும், இன்றைக்கு வீட்டில் எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவுகிறேன் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அவள் கண்மூடித்தனமாக இறங்கவில்லை. எந்த வளைவில் பேசாமல் இருப்பது என்று முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். சிறுபாலத்தைத் தாண்டியதும் பாதை இடப்பக்கம் சட்டென்று மடங்குகிற இடம். வலப்பக்கம் பள்ளத்தாக்கு. ஆனால் எதிரில் வருகிற வண்டிக்கு வழிவிட பஸ் ஒதுங்கி நிற்பதற்காக அங்கே சாலையின் வெளி ஓரத்தை அகலப்படுத்தி வைத்திருந்தார்கள். மரங்கள் அடர்ந்து இருட்டாக இருக்கும் இடம் என்பான் அவன். வளையாமல் நேரே போனாலும் அந்த அகலத்துக்குள் தன் பிரேக்கால் நிறுத்திவிடலாம் என்பது அவள் கணக்கு.

பாறை வந்தது. சங்கிலியின் சத்தம் காதருகே எகிறியது. அவள் தன் பிரேக்கைப் பாதி அழுத்தி வேகத்தைக் குறைத்தாள். "என்னாச்சு?" என்றான் முன்னாலிருந்து. பதில் சொல்லவில்லை. முழங்கையில் குளிர் தட்டியது. வெயில் முகத்திலிருந்து விலகியது. பாலத்து மேடு முதுகில் இடித்தது.

இங்கேதான் எப்போதும் "இடது" என்று கத்துவாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க, ஒரே ஒரு தடவை நீங்களே சொல்லுங்க என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் தோள் இடப்பக்கம் சாயவில்லை. அவன் சாய்ந்தால் இருக்கை வழியாக அவளுக்குத் தெரியும். சைக்கிள் கோடு போட்டதுபோல நேரே போனது. சக்கரத்தின் அடியில் தார் போய்ச் சரளை வந்தது.

அவள் முழுப் பலத்தோடு பிரேக்கைப் பிடித்தாள். அவள் கணக்கில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. சாலை வேலைக்காக யாரோ புதிதாகக் கல் பரப்பியிருந்தார்கள். பின்சக்கரம் நின்றும் வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. அவன் என்னவோ கத்தினான். தன் பிரேக்குகளையும் பிடித்திருப்பான் போல, முன்பக்கம் ஒரு தடவை உதறியது. பிறகு இரண்டு பேரும் பக்கவாட்டில் விழுந்தார்கள்.

முழங்கையில் தோல் உரிந்து எரிந்தது. கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். கல், கல், அப்புறம் காய்ந்த புல், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கீழேயிருந்து காற்று விரலில் பட்டது. முன்சக்கரம் எங்கோ அந்தரத்தில் டிக் டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?" என்றான் அவன்.

அடிபட்டதா என்று கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டான். கேட்ட பிறகு அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றி ஓய்ந்தது.

"எப்போ இருந்து?" என்றாள்.

"நிழல்ல மட்டும்தான். வெயில்ல இருந்து உள்ள நுழைஞ்சா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியறதில்ல. இடது பக்கம் புகை மாதிரி இருக்கு. பஸ்ல அப்படி இல்ல."

"ஏன், பஸ்ஸுக்கு மட்டும் இந்த மரமெல்லாம் நிழலைச் சுருட்டிக்குதா? இதே ரோடு, இதே வளைவு. அதுல யாரு சொல்றா உங்களுக்கு?"

முன்படியில் நிற்கிற கண்டக்டரை அவனும் நினைத்தான், அவளும் நினைத்தாள். கண்டக்டர் ஒருநாள் டிக்கெட் போடப் பின்னால் போனால் போதும்.

"நீ பாட்டுக்கு மேனேஜர்கிட்ட சொல்லிட்டுப் போயிடுவே. அப்புறம் என் கதி?" என்றான். "வண்டியைப் பிடுங்கிக்கிட்டு என்னை ஒரு மூலையில உட்கார வெச்சிடுவாங்க. காலம்பூரா மூலையில உட்கார்ந்து கெடக்கணும். அது ஒரு பொழப்பா?"

"நான் அந்த மூலையிலதான் உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து."

அவன் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் மன்னித்திருக்க மாட்டாள், அந்த நிமிஷத்தில். கொஞ்ச நேரம் கழித்து அவன் தவழ்ந்து வருகிற சத்தம் கேட்டது. அவள் முழங்கையைத் தேடிப் பிடித்து, புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினான்.

மறுபடி ஏறி ஓட்டலாம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, அவள் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் காற்றாய் வந்து இறங்குகிற தூரம் நடந்தால் முடிவேனா என்றது. நடுவில் ஒருமுறை, "நாளைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு வந்து நானே சொல்லிடறேன்" என்றான். "நாளைக்கு முதல் பஸ் உண்டான்னு என்கிட்ட கேப்பாங்க" என்றாள் அவள்.

ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் வீடு. நேரே போனால் பேருந்து நிலையம். அவன் வலப்பக்கம் திரும்பினால் என்ன செய்வது என்று அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்த உடனே தொலைபேசியை எடுத்து மேனேஜரிடம் சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்பது அவளுக்குத் தெரியவில்லை. பிரிவு வந்தது. அவன் நின்றான். கடைத்தெருவின் சத்தம் வந்துகொண்டிருந்தது, யாரோ ஒரு பெண் தன் பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தாள். இருக்கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வலித்தன. வலப்பக்கம் இழுபடுமோ என்று காத்திருந்தாள். சைக்கிள் நேரே நகர்ந்தது.

மேனேஜர் அறையில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனே சொன்னான். மென்று விழுங்கித்தான் சொன்னான், ஆனாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. எப்போதிருந்து என்று மேனேஜர் கேட்டபோது, "போன மழைக்கு முன்னாடி இருந்து சார்" என்றான். அவ்வளவு நாள் என்று அவளுக்குமே அப்போதுதான் தெரியும். மேனேஜர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாளைய வண்டிக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி வெளியே குரல் கொடுத்துவிட்டு, கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்றார். அவன் சட்டைப் பையிலிருந்து தன்னிடம் இருந்த வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். அந்தச் சின்னச் சத்தத்தை அவள் கேட்டாள். பிடுங்கிக்கொண்டது தான்தான் என்று தோன்றியது. அதற்காக வருத்தப்பட்டாள், ஆனாலும் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் எண்ணம் அவளுக்கு வரவில்லை.

வெளியே, முற்றத்தைப் பார்த்துப் போட்டிருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மதிய வண்டி ஒன்று புறப்பட்டுப் போனது. அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறான். ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"இப்ப என்ன தெரியுது? பொய் சொல்லாம சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்காகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தவன். பள்ளம், மேடு, மனிதர்கள், மேகம், எல்லாம் சொன்னவன். இந்தக் கேள்விக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டான்.

"எதிர்ல பஸ் நிக்குது. அது தெரியுது. வலது பக்கம் கேட்டு, அதுல சாய்ஞ்சு நம்ம கண்டக்டர் தம்பி நிக்குறான். டீ குடிக்கிறான். இந்தப் பக்கம்..." என்று நிறுத்தினான். "இந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருக்கே. குரல் வருது. ஆனா நீ தெரியல."

அவள் எழுந்தாள். அவன் முழங்காலைத் தடவிக்கொண்டு, அவனைச் சுற்றி நடந்து, வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப?"

"இப்ப தெரியுறே" என்றான்.